கெட்டுப்போனாலும் கவலையில்லாத கடதாசி: கொழும்பில் கலை, வடிவமைப்புப் படிக்க வந்தவர்களுக்கு

கலை அல்லது வடிவமைப்புப் படிக்கச் சேர்ந்த முதல் வாரமே யாராவது ஒரு விரிவுரையாளர் சொல்லிவிடுவார்: "பயப்படாமல் பரிசோதனை செய்து பாருங்கோ." எப்படிச் செய்வது என்பதை மட்டும் பெரும்பாலும் ஒருவரும் சொல்வதில்லை. சித்திரப் பாடத்தில் வர்ணம் கோட்டைத் தாண்டக் கூடாது, கடதாசி ஊத்தையாகக் கூடாது, அழிறப்பரின் தடம் தெரியக் கூடாது என்று வருடக்கணக்காகப் பழகி, உயர்தரத்தில் நல்ல பெறுபேறும் எடுத்து வந்த ஒரு கையிடம், திங்கட்கிழமையிலிருந்து சுதந்திரமாக இரு என்றால் அது என்ன செய்யும்? பழைய மாதிரியே அழகாக ஒன்றை வரைந்து வைத்துவிட்டு, இதுதான் பரிசோதனை என்று நிற்கும். முதலாம் வருடப் பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு மனதை உறுத்தும். அவர்களிடம் திறமைக்குக் குறைவே இல்லை.

நான் நம்புவது இதைத்தான்: பரிசோதனை செய்யத் துணிச்சல் தேவையில்லை. கெட்டுப்போனாலும் வயிறு எரியாத மலிவான பொருள் வேண்டும், சின்னதாக ஒரு கேள்வி வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் ஒழுங்கு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எவ்வளவு கூச்சமுள்ள பிள்ளையும் தாராளமாகக் கை வைக்கும். வெள்ளவத்தையில் அனெக்ஸ் அறையோ, கொட்டாஞ்சேனையில் மாடிவீடோ, தெஹிவளையில் போர்டிங்கோ, நீங்கள் எங்கே இருந்தாலும் செய்யக்கூடிய மாதிரி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம்

கொழும்பில் வாடகைக்கு இருப்பவருக்கு முதல் பயம் ஓவியம் கெட்டுவிடும் என்பதல்ல, வீட்டுக்காரரின் டைல்ஸில் சாயம் பட்டுவிடும் என்பதுதான். அந்தப் பயம் இருக்கும்வரை கை நீளாது. ஆகவே முதல் வேலை, நிலத்தில் விரிக்க ஒரு பழைய பிளெக்ஸ் பனர் தேடுவது. கோயில் திருவிழா முடிந்த பிறகும், டியூஷன் வகுப்பு விளம்பரம் பழசான பிறகும் இவை சும்மா சுருட்டிக் கிடக்கும், கேட்டால் தருவார்கள். தண்ணீர் கீழே இறங்காது, கழுவலாம், சுருட்டி கட்டிலுக்குக் கீழே தள்ளலாம். அதை விரித்தால் வேலை நேரம், சுருட்டினால் முடிந்தது. அறை சின்னதாக இருப்பவர்களுக்கு இந்த எல்லைக்கோடு மிகவும் உதவும்.

அடைத்த அறைக்குள் டர்பன்டைன், ஸ்பிரே பெயின்ட் இரண்டையும் தொடாதீர்கள். மேல்மாடி இருந்தால் அங்கே கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் கரையும் பொருட்களோடு நில்லுங்கள். முதல் வருடத்துக்கு அதுவே தாராளம்.

வீட்டாரோடு இருப்பவர்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. "இதென்ன பிள்ளை, வீடெல்லாம் ஊத்தை" என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல்கனியில் ஒரு மூலையை உங்களுடையது என்று பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் வாங்கப் புறக்கோட்டைக்கு

விலை உயர்ந்த நீர்வர்ணக் கடதாசி பரிசோதனைக்கு எதிரி. ஒரு தாளுக்கு அவ்வளவு காசு கொடுத்த பிறகு யாருக்கு மனம் வரும் அதைக் கிழித்துப் பார்க்க? காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் எடுத்தாலும் சரி, கரையோர ரயிலில் கோட்டைக்குப் போனாலும் சரி, ஒரு நாளை புறக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். மலிபன் வீதிப் பக்கம் கடதாசிக் கடைகள் இருக்கின்றன: டிமை பேப்பர், பிரிஸ்டல் போர்ட், பிரவுன் பேப்பர் எல்லாவற்றையும் கட்டாக வாங்கினால் விலை இறங்கும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்தால் இன்னும் இறங்கும். துணி வேண்டுமென்றால் கடைக்குப் போக முதல் உங்கள் தெருவில் இருக்கும் தையல்காரரிடம் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள், பை நிறையக் கிடைக்கும். வர்ணத்துக்கு நான் சொல்வது ஹார்ட்வெயார் கடைதான். சுவருக்கு அடிக்கும் வெள்ளை இமல்ஷன் ஒரு சின்ன டின், அதில் கலக்கும் ஸ்டெயினர் மூன்று நிறத்தில், மாஸ்கிங் டேப், மண்தாள், ஒரு போத்தல் வெள்ளைக் கம். இதை வைத்து மாதக்கணக்கில், பெரிய அளவிலேயே வேலை செய்யலாம். கலைப்பொருள் கடையில் ஒரேயொரு நல்ல தூரிகை வாங்குங்கள், அதற்குக் காசு பார்க்க வேண்டாம்.

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் நான் எழுதவில்லை. ஒரு அளவுகோல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் பரிசோதனைக்குப் போகும் பொருளின் செலவு ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கை பயப்படத் தொடங்கிவிடும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"இன்றைக்கு என்ன வரையலாம்" என்று உட்கார்ந்தால் தேர், சந்தை, கடற்கரைச் சூரியன் என்று தெரிந்த படங்கள்தான் வரும். "தேயிலைச் சாயத்தில் இரும்பு பட்டால் எத்தனை விதமான சாம்பல் நிறம் வரும்" என்று உட்கார்ந்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியாது. பரிசோதனை அங்கேதான் தொடங்குகிறது. சும்மா சொல்லவில்லை, இதையே முதல் வேலையாகச் செய்யுங்கள்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் கறள் பிடித்த ஆணிகளைப் போட்டு, அவை மூழ்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும். தேயிலைக்கு வீட்டிலிருக்கும் தூள் போதும்: அரைக் கோப்பை சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, நன்றாக ஆறவிட்டு வடித்தெடுங்கள். பிரிஸ்டல் போர்டில் பன்னிரண்டு கட்டம் கீறி, ஒரு கட்டத்துக்கு ஒரு பூச்சுத் தேயிலை, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று என்று பூசிக் காயவிடுங்கள். பிறகு இரும்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். மண்ணிறமாக இருந்த இடம் கண்ணெதிரே சாம்பலாகி, சில இடங்களில் நீலம் கலந்த கறுப்பாகும். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. அந்தக் காலத்து எழுத்து மையில் ஒரு வகை இந்த முறையில்தான் செய்யப்பட்டது, தென்னிந்தியக் கலங்காரித் துணிகளில் காணும் கறுப்பும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து பிறப்பதுதான். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி அவித்து, தேயிலை இருந்த இடத்தில் அதைப் பூசிப் பாருங்கள், இன்னும் ஆழமான கறுப்பு வரும். ஒரு எச்சரிக்கை, இரும்புத் தண்ணீர் கூடினால் வருடங்கள் போகப் போகக் கடதாசியையே அரித்துவிடும். வைத்திருக்க விரும்பும் வேலைக்கு ஐதாகப் பாவியுங்கள்.

இரண்டாவது வேலை மஞ்சள். ஆலாத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தவுடன் சிவப்பாக மாறுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அதைக் கடதாசிக்குக் கொண்டு வாருங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து முழுத் தாளிலும் பூசிக் காயவிட்டு, சுண்ணாம்புத் தெளிவைத் தூரிகையில் தொட்டுக் கீறினால் சிவப்புக் கோடு எழும். தேசிக்காய்ப் புளியைத் தொட்டால் அந்தச் சிவப்பு திரும்பவும் மஞ்சளாகும். அதாவது போட்ட கோட்டை வேறு ஒரு கோட்டால் பின்வாங்கச் செய்யலாம், பென்சிலும் அழிறப்பரும் தராத ஒரு விளையாட்டு இது. இதில் இன்னொரு கதவும் இருக்கிறது. மஞ்சள் வெயிலில் வெளிறும். மஞ்சள் பூசிய தாளின் மேல் ஒரு வேப்பங்கொத்தோ கத்தரித்த மட்டை உருவமோ வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, காலையிலிருந்து பின்னேரம்வரை மேல்மாடி வெயிலில் விடுங்கள். மூடியிருந்த இடம் மஞ்சளாக நிற்க, மற்ற இடம் மங்கிவிடும். கமரா இல்லாமல் ஒரு ஒளிப்படம். அதைச் சுண்ணாம்புத் தெளிவில் நனைத்தால் மஞ்சள் நின்ற இடமெல்லாம் சிவக்கும். இந்தப் படம் நாளடைவில் மறைந்துபோகும் என்பதால் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம். இந்த வேலைகளுக்கு எடுத்த பாத்திரத்தையும் திரும்பக் குசினிக்குக் கொண்டு போகாதீர்கள்.

இதைச் செய்துவிட்டு லயனல் வென்ட்டின் ஒளிப்படங்களைப் பாருங்கள். 1900இல் பிறந்து 1944இல் இறந்த அவர், சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், ஒளிப்படத்தை ஆதாரமாக மட்டும் பார்க்காமல் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டியும், கழுவும்போது இடையில் ஒளி படவிட்டுக் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கியும் வேலை செய்தவர். கில்ட்ஃபர்ட் கிரசண்டில் அவர் பெயரில் இருக்கும் மண்டபத்துக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு அவர் செய்த இந்த வேலைகள் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

கறிக்கு உப்பையும் புளியையும் ஒரே நேரத்தில் கூட்டினால் எது ருசியைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும், இங்கேயும் அதேதான். கடதாசியை மாற்றினால் வர்ணம் அப்படியே இருக்கட்டும். வர்ணத்தை மாற்றினால் தூரிகை அப்படியே இருக்கட்டும். இது கட்டுப்பாடு மாதிரித் தெரியும், ஆனால் செய்து பாருங்கள், ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது என்றால் அந்த ஒன்றில் எவ்வளவு தூரமும் போகலாம்.

வரைகலை வடிவமைப்புப் படிப்பவர்களுக்கு ஒரு உதாரணம். இந்த நகரத்தில் பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று எழுத்திலும் நிற்கின்றன, பெரும்பாலும் தமிழ் நெருக்கப்பட்டோ சின்னதாகியோ இருக்கும். உங்கள் தெருவின் பெயரை மூன்று எழுத்திலும் தட்டச்சு செய்து அச்செடுங்கள். முதல் தாளில் இடைவெளியை மட்டும் மாற்றுங்கள், இரண்டாவதில் தடிப்பை மட்டும், மூன்றாவதில் வரிசையை மட்டும். மூன்றையும் சமமாக நிற்க வைக்க என்ன வேண்டியிருக்கிறது என்று கை வழியாகவே தெரிந்துவிடும், எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாக.

அப்புறம் அதையே போட்டோ கொப்பிக் கடைக்குக் கொண்டு போங்கள். பெருப்பித்து எடுத்த பிரதியைத் திரும்பவும் பெருப்பிக்கச் சொல்லுங்கள், அதைத் திரும்பவும். நாலாவது ஐந்தாவது பிரதியில் எழுத்தின் ஓரம் உடைந்து புள்ளிகளாகும். கண்ணாடி மேல் தாளை அசைத்துக்கொண்டே பிரதி எடுத்தால் எழுத்து இழுபடும். கடைக்காரர் முதலில் தாள் வீணாகிறது என்று முறைப்பார், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிக் காட்டினால் அவரே "தங்கச்சி, இப்பிடியும் ஒருக்கா எடுத்துப் பாப்பமா" என்று கேட்கும் கட்டம் வரும். கூட்டமில்லாத நேரத்தில் போவது மரியாதை.

அந்தப் பிரதியைத் துணிக்கோ மட்டைக்கோ மாற்றலாம். டோனர் என்ற தூள் மையில் எடுத்த பிரதியாக இருக்க வேண்டும், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மை கரைந்துவிடும். எழுத்து இடவலம் மாறிப் பதியும் என்பதால் கண்ணாடி விம்பமாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். மட்டையில் வெள்ளைக் கம்மைச் சீராகப் பூசி, பிரதியை முகம் கீழே பார்க்க ஒட்டி, காற்றுக் குமிழி போக அழுத்தி, ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள். மழைக்காலமென்றால் இரண்டு இரவு. பிறகு பின்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்து விரலால் மெதுவாக உருட்டி உருட்டிக் கடதாசியை எடுத்தால் மை மட்டும் நிற்கும். சில இடம் கிழிந்து வரும். கிழிந்த இடத்தைத் திருத்தாதீர்கள், அதைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.

தேய்த்தெடுப்பதும் இப்படித்தான் மலிவானது. பழைய வீடுகளின் சீமெந்துக் கிராதி, வடிகால் மூடி, மரக்கதவின் செதுக்கல் என்று எதன் மேலும் டிமை பேப்பரை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்க்கலாம். ஐரோப்பாவில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரப்பலகையைத் தேய்த்துத் தொடங்கி அதையே ஒரு ஓவிய முறையாக்கினார். வீடு, கோயில் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அரச கட்டடங்கள், தூதரகங்கள், பாதுகாப்பு இருக்கும் இடங்களின் பக்கம் வேண்டாம்.

செய்யும் நேரம் வேறு, தீர்ப்புச் சொல்லும் நேரம் வேறு

நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை, எதையும் கிழித்துப் போடவும் கூடாது. போன் எட்டாத இடத்தில் இருக்கட்டும். பின்டரெஸ்ட் பார்ப்பதாக இருந்தால் வேலை முடிந்த பிறகு பாருங்கள், அது முடிந்த பொருளை மட்டும் காட்டும், அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் நீங்கள் வேறு யாரோ வந்து சேர்ந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடப்பீர்கள். கணினியில் வேலை செய்பவர்கள் இந்த நேரத்தில் பின்வாங்கும் கட்டளையை (அன்டூ) தொடாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

தீர்ப்பு மறுநாள். எல்லாவற்றையும் பனரின் மேல் பரப்பி, எழுந்து நின்று பாருங்கள். அழகானதைத் தேடாதீர்கள். "இது எப்படி வந்தது" என்று உங்களைக் கேட்க வைக்கும் ஒன்றை எடுங்கள், அடுத்த நாள் கேள்வி அதிலிருந்துதான்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் திகதி, பொருள், எதை மாற்றினீர்கள், அன்றைய காலநிலை. காலநிலையை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார்கள். கொழும்பில் காற்றின் ஈரம் எல்லாவற்றிலும் கை வைக்கும்: மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிய பிறகு பூசிய தாளும், தை மாதம் வெயிலில் பூசிய தாளும் ஒன்றல்ல. வகுப்பு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடந்தாலும் இந்தக் குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். வேகமாக எழுதுவீர்கள், பொய் எழுத மாட்டீர்கள். தாள்களைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். தாளுக்கு இடையில் செய்தித்தாள் வைத்து, மட்டைப் பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள்.

பார்க்கப் போங்கள்

பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீடு இப்போது சபுமல் மன்றம். 1943இல் கொழும்பில் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் கூட்டத்தின் ஓவியங்கள் அந்த வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன, திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். கொள்ளுப்பிட்டி கிரெஸ்காட் கடைத்தொகுதியில் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, விளக்கங்கள் தமிழிலும் உண்டு. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருடத்துக்கு ஒரு முறை கூடும் கலாபொல என்ற ஓவியச் சந்தை 1993இலிருந்து நடக்கிறது, ஓவியர்கள் தெருவோரத்திலேயே நிற்பதால் நேராகக் கேட்கலாம். ஹோர்ட்டன் பிளேஸில் ஜே.டி.ஏ. பெரேரா கலைக்கூடத்தில் மாணவர் கண்காட்சி நடந்தால் தவற விடாதீர்கள்.

போனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு படத்தின் முன் நின்று அதன் ஓரத்தைப் பாருங்கள், எந்த நிறம் முதலில் பூசப்பட்டது, எங்கே மனம் மாறியிருக்கிறது என்று ஓரம் சொல்லிவிடும். ஒரு முறையை அதன் வழக்கமான இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தவர்களையும் தேடிப் பாருங்கள். எனா டி சில்வா (1922–2015) பத்திக் துணியைச் சேலைக்கும் சுவருக்கும் மட்டும் விடாமல், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் கூரையின் உட்பக்கத்துக்கே கொண்டு போனார். உங்கள் தேயிலைச் சாயத்தை, உங்கள் மஞ்சளை, வேறு எங்கே கொண்டு போகலாம்?

பாடவேலைக்குள் கொண்டு வருவது

ஒப்படைக்குத் தரும் காலத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கைப் பரிசோதனைக்கு வையுங்கள், அதற்குப் பிறகு கதவை மூடுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் இரவு புதுப் பொருளைத் தொடவே வேண்டாம். விரிவுரையாளருக்கு முடிந்த வேலையோடு, அது வந்த வழியையும் காட்டுங்கள்: பன்னிரண்டு கட்டத் தாள், உடைந்த எழுத்து, கிழிந்த மட்டை எல்லாம். சில இடங்களில் சுத்தமான முடிவுக்குத்தான் புள்ளி, அது உண்மை, அப்படியான ஒப்படையில் அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டு இந்தப் பெட்டியை உங்களுக்காக வளர்த்துக்கொண்டே இருங்கள்.

கருத்துக் கேட்கும்போது "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "முதலில் எது கண்ணில் பட்டது", "எங்கே பார்ப்பதை நிறுத்தினீர்கள்", "இது எதனால் செய்தது என்று நினைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். கலை படிக்காதவர்களிடம் கேட்டால் இன்னும் நல்லது.

நாலு பேர் சேர்ந்தால்

தனியாக இதையெல்லாம் தொடர்வது கஷ்டம். 43 குழுவில் பழைய விகாரைச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்து வந்த மஞ்சுஸ்ரீ இருந்தார், பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்த கொலெட் இருந்தார், ஜோர்ஜ் கீட் இருந்தார், ஒருவர் வேலை மற்றவருடையதைப் போல இல்லவே இல்லை. நீங்களும் ஒரே துறையில் ஆள் தேடாதீர்கள். ஒருவர் துணி, ஒருவர் ஒளிப்படம், ஒருவர் கட்டடக்கலை, ஒருவர் வெறுமனே ஆர்வமுள்ள கணக்கியல் மாணவராக இருந்தாலும் சரி. மாதத்தில் ஒரு ஞாயிறு, யாருடைய வீட்டு மேல்மாடியிலாவது. ஆளுக்கொரு மிச்சப் பொருள் கொண்டு வாருங்கள், வந்ததும் அவற்றை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளுங்கள், தனக்குப் பழக்கமில்லாத பொருளில்தான் ஒவ்வொருவரும் அன்றைக்கு வேலை செய்ய வேண்டும். நாற்பது நிமிடம் பேச்சில்லாமல், பிறகு தேத்தண்ணி, பிறகு எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பேச்சு. முதல் சந்திப்புக்குத் தேவையான இரும்புத் தண்ணீரை ஒருவர் ஒரு வாரம் முதலே போட்டு வைக்க வேண்டும், அது யார் என்று இன்றைக்கே முடிவெடுங்கள். மற்றவர்கள் பனர், பழைய துணி, செய்தித்தாள், மூடியுள்ள போத்தல்கள், கைகழுவச் சவர்க்காரம் கொண்டு வந்தால் போதும்.